சயாமுக்குப் போனவருக்கு எந்த நாளில் திதி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? தீபாவளிக்கு முதல் நாள் படையலில் என் பாட்டி ஒரு ரப்பர் பால் வெட்டும் கத்தியைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, இலைக்குப் பக்கத்தில் வைப்பார் என்று. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத என் தாத்தாவின் கத்தி அது. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. கிள்ளான், செந்தூல், பினாங்கு, சுங்கை பட்டாணி என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கிறது. அதனால் இந்த இதழில் சமையல், சொத்து, மாமியார் மருமகள் கேள்விகள் எதுவும் இல்லை. அவை அடுத்த மாதம் வரும்.

கிள்ளான் வாசகர்:
அம்மா, எங்கள் தாத்தா 1943-இல் சயாமுக்குப் போனவர். என்றைக்குச் செத்தார், எங்கே செத்தார் என்று யாருக்கும் தெரியாது. அப்பா உயிரோடு இருந்தவரை எதுவும் செய்யவில்லை. இப்போது நான் செய்ய ஆசைப்படுகிறேன். எந்த நாளில் திதி கொடுப்பது?

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்பதுதான் நம் வழக்கம். புரட்டாசியில் வரும். அதை விட்டால் ஆடி அமாவாசை, தை அமாவாசை. உங்கள் கோயில் குருக்களைக் கேளுங்கள், அவர் இதைத்தான் சொல்வார். திதி கொடுக்கும் பழக்கம் இல்லாத குடும்பம் என்றால் தீபாவளிக்கு முதல் நாள் படையலில் அவருக்கென்று ஒரு தனி இலை போடுங்கள், போதும். இதில் சாஸ்திரச் சிக்கல் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் அப்பா ஏன் செய்யவில்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது, சொல்லலாமா? திதி கொடுத்தால் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். தாத்தா போனபோது என் அம்மா ஒரு வயதுக் குழந்தை. "மூணு மாசம்தான், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி" என்று சொல்லித்தான் ரவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அழைத்துப் போனார்கள். 1945-இல் சண்டை முடிந்தது. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். பாட்டி வந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாராம். ஒருவர் பார்த்தேன் என்றார், ஒருவர் பார்க்கவில்லை என்றார், இன்னொருவர் வாந்திபேதி வந்த முகாமில் இருந்தார் என்றார். செத்ததைக் கண்ணால் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. பாட்டி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. 1961-இல் என் அம்மாவுக்குக் கல்யாணம். மணவறைக்கு முன்னால் பாட்டி நிற்கலாமா கூடாதா என்று உறவினர்களுக்குள் பேச்சு எழுந்திருக்கிறது. அவர் சுமங்கலியா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சொந்த மகள் கல்யாணத்தில் பாட்டி அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பார்த்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லி அழுவார்.

1984-இல் பாட்டி இறந்தபோதும் நெற்றியில் குங்குமம் இருந்தது. அப்படியே விடுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஆகவே உங்கள் அப்பாவைக் குறை நினைக்காதீர்கள். நீங்கள் செய்யுங்கள். பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடும்போது அந்தப் பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

சுங்கை பட்டாணி வாசகி:
மொத்தம் எத்தனை தமிழர்கள் போனார்கள்? ஒரு லட்சம் என்கிறார்கள், இரண்டு லட்சம் என்கிறார்கள். எதை நம்புவது?

சரியான எண்ணிக்கை கிடையாது. அதுவே ஒரு கொடுமை. தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரண்டு முனையும் சேர்ந்தன. காட்டையும் மலையையும் வெட்டி, நோய் நொடியில், மழையில், ஒன்றரை வருஷத்துக்குள் முடித்தார்கள் என்றால் எப்படி முடித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேலை செய்த, ஜப்பானிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 12,000. ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் திரும்பவில்லை. அதில் மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கும் மேல் என்பது போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் எடுத்த கணக்கு, பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். நம்மவர்கள் சொல்லும் தொகை அதைவிடப் பெரியது.

கைதிகளைவிடக் கூலிகள் ஏன் இவ்வளவு அதிகமாகச் செத்தார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கைதிகள் ராணுவத்தார். அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளை போட ஆள் இருந்தது. நம் ஆட்களுக்கு யார் இருந்தார்கள்? தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியோ கூலிகளை மேற்பார்க்கும் கங்காணியோ கூடப் போயிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது, ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்த முகாம்கள் மொத்தமாகக் காலியாயின. மலேரியா, சீதபேதி, காலில் சின்னச் சிராய்ப்பு பட்டால் எலும்பு தெரிகிற வரைக்கும் அரிக்கும் புண். சிலர் குடும்பத்தோடு போயிருந்தார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அதே வாசகி:
நம் ஆட்களையே ஏன் பிடித்தார்கள்?

வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள், ரப்பர் வாங்க ஆள் இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் லயம் என்ற கூலி வீடுகளில் வரிசையாக, ஒரே இடத்தில், பெயர்ப் பட்டியலோடு இருந்தார்கள். ஜப்பான்காரன் தேடிப் போகவே வேண்டியதில்லை. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தால் போதும். முதலில் ஒரு வெள்ளி கூலி, அரிசி, துணி என்று ஆசை காட்டினார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். போனவர்களிடமிருந்து தகவலே வராமல் போனதும் எல்லோரும் போக மறுத்தார்கள். அப்புறம் ஏமாற்றிப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். கூட்ஸ் வண்டிக்குள் நாள் கணக்காக நின்றுகொண்டே பயணம், அதற்குப் பிறகு காட்டுக்குள் நடை.

பினாங்கு, ஆயர் ஈத்தாம் வாசகர்:
கார்ன்வாலிஸ் கோட்டையில் வெள்ளைக்காரன் கொடியை இறக்கியது ஒரு தமிழர் என்று என் ஆசிரியர் சொன்னார். உண்மையா?

உண்மைதான். மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், பினாங்கில் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர். 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மேல் குண்டு விழுந்தது. வானத்தில் விமானம் பறப்பதை வேடிக்கை பார்க்க ஜனங்கள் தெருவில் கூட்டமாக நின்றிருந்தார்களாம், அவர்கள் மேலேயே விழுந்தது. சில நாள் கழித்து, ஒரு ராத்திரி, வெள்ளைக்காரர்களை மட்டும் சத்தமில்லாமல் படகில் ஏற்றி அனுப்பிவிட்டது நிர்வாகம். ஊரில் இருந்த சீனரையும் தமிழரையும் மலாய்க்காரரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடி மட்டும் கோட்டையில் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கிற வரைக்கும் ஜப்பான் விமானம் வந்துகொண்டேதான் இருக்கும். சரவணமுத்து போய் அதை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார், விட்டுப்போன வானொலி நிலையத்திலிருந்து ஊரில் படை எதுவும் இல்லை என்று அறிவித்தார். ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, கொள்ளையைத் தடுத்து, சாப்பாட்டுக்கு வழி செய்தார்கள். துப்பாக்கியே தொடாத ஒரு மனிதர் செய்த காரியம் இது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த உங்கள் ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாமிலேயே இருக்கிறீர்கள், அங்கே சீனர்கள் 1951-இல் எழுப்பிய போர் நினைவுத்தூண் இருக்கிறதே, ஒரு நாள் நின்று பாருங்கள். ஜப்பான்காரன் கொன்ற தங்கள் ஜனங்களுக்காக, போர் முடிந்து ஆறே வருஷத்தில் கட்டினார்கள். நாம் அந்த ஆறு வருஷத்தில் என்ன செய்தோம் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நம்மால் செய்ய முடிந்திருக்காது. ஆண் பிள்ளை இல்லாத லயம், தாலி இருந்தும் இல்லாத பெண்கள், தகப்பன் முகம் தெரியாத பிள்ளைகள். இவர்கள் எங்கே போய்த் தூண் எழுப்புவார்கள்? அன்றைக்கு அரிசி வாங்கவே வழி இல்லை.

செந்தூல் வாசகர் (வயது 23 என்று எழுதியிருக்கிறார்):
அக்கா, எங்கள் வீட்டில் அம்மா வழிக் கொள்ளுப்பாட்டி நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் இருந்தவர், சீருடையில் எடுத்த படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா சயாமில் செத்தவர், அவருக்குப் படமே இல்லை. நேதாஜி ஜப்பானோடு கூட்டுச் சேர்ந்தவர், அதே ஜப்பான்தான் தாத்தாவைக் கொன்றது. நான் இரண்டு பேரையும் எப்படி ஒரே மனதோடு கும்பிடுவது?

தம்பி, இந்தக் கேள்வியை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். சயாம் பாதை இணைந்தது 1943 அக்டோபர் 17. நேதாஜி சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் என்ற தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அக்டோபர் 21. ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அங்கே திறந்தது அக்டோபர் 22. ஒரே வாரம்! சிங்கப்பூரில் ஜனங்கள் "ஜெய் ஹிந்த்" என்று முழங்கிய அதே வாரத்தில், தாய்லாந்தில் காஞ்சனபுரிக்கு மேலே காட்டில் உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் மூங்கில் பாயில் கிடந்தார்கள். அப்புறம் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) ஆட்கள் பலர் பர்மாவுக்குப் போனதும் இதே பாதையில்தான். பாட்டி போன வண்டி, தாத்தா போட்ட கட்டைகளின் மேல் ஓடியிருக்கலாம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்குமோ, எழுதும்போது எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஜப்பானோடு நேதாஜி சேர்ந்தது சரியா தப்பா என்று பெரிய ஆட்கள் எழுபது எண்பது வருஷமாக வாதாடுகிறார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இதுதான்: அவர் இந்தியாவின் விடுதலையை மட்டும் பார்த்தார், அதற்காக யாரோடு கைகோக்கிறோம் என்பதற்கு ஒரு விலை இருந்தது, அந்த விலையில் ஒரு பங்கை மலாயாத் தோட்டத்து ஜனங்கள் கொடுத்தார்கள். இதைச் சொல்வதால் அவருக்கு மரியாதை குறைந்துவிடாது, சொல்லாமல் விட்டால் நம் தாத்தாமாருக்குத்தான் குறை.

ஆனால் உங்கள் பாட்டிக்கு அன்றைக்கு என்ன வயது? பதினாறு, பதினேழு இருக்குமா? தோட்டத்தில் பிறந்து, துரை வந்தால் ஒதுங்கி நிற்கப் பழகிய ஒரு பெண், கால்சட்டை போட்டு, முடியை வெட்டி, துப்பாக்கி தூக்கினாள். அதற்கு முன் நம் பெண்களை யாராவது "நீயும் ஒரு சிப்பாய்" என்று சொன்னது உண்டா? கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் பதினெட்டு வயதில் அந்தப் படையின் பொறுப்புக்கு வந்தார், படைத் தலைவி லட்சுமி சுவாமிநாதனுக்கு அடுத்தபடியாக. போருக்குப் பிறகு ம.இ.கா. என்ற இந்தியர் காங்கிரஸ் கட்சி தொடங்கியபோது முன்நின்றவர்களில் ஒருவர். 2000-இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது, 2014-இல் காலமானார். 1945-இல் ரங்கூன் விழப்போகிற நேரத்தில் இந்தப் பெண்கள் நடந்தும் வண்டியிலுமாகத் தாய்லாந்துக்குப் பின்வாங்கினார்கள், மேலே விமானம், கீழே சேறு. அதையும் படத்துக்குப் பின்னால் எழுதி வையுங்கள். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்று சேர்ந்த தோட்டத்து ஆட்களும் உண்டு. அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தாத்தாவுக்குப் படம் இல்லை என்றீர்கள். பெயர் இருக்கிறதல்லவா? ஒரு நல்ல அட்டையில், தெரிந்தவரிடம் கொடுத்து அழகாகத் தமிழில் எழுதச் சொல்லி, சட்டம் போட்டு, பாட்டி படத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் மாட்டுங்கள்.

கோலாலம்பூர் வாசகர், பெயர் வேண்டாம் என்றவர்:
துப்பாக்கி பிடித்தவன்தான் போர் வீரன். கூலி வேலைக்குப் போனவர்களை வீரர்களோடு சேர்த்துப் பேசுவது மிகையாக இல்லையா?

இல்லை.

பிறை வாசகி:
ஜப்பான் நஷ்டஈடு கொடுத்துவிட்டது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எங்கள் குடும்பத்துக்குச் சல்லிக்காசு வரவில்லையே?

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, நீங்கள் சொல்வதிலும் இருக்கிறது. 1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன, 2 கோடியே 50 லட்சம் வெள்ளி பெறுமானம். அது பணமாக வரவில்லை, சரக்குக் கப்பல்களாக வந்தது. நாட்டின் கப்பல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாட்டுக்கும் இடையே கணக்கு அதோடு முடிந்ததாகக் கையெழுத்து. கணவனைக் கொடுத்தவளுக்கும் தகப்பனைக் கொடுத்த பிள்ளைக்கும் அதில் ஒன்றும் இல்லை. என் பாட்டி அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பதினேழு வருஷம் உயிரோடு இருந்தார், அப்படி ஒன்று கையெழுத்தானதே அவருக்குத் தெரியாது.

அதே ஊரிலிருந்து இன்னொரு வாசகி:
என் மகள் ஜப்பானிய நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள், மொழியும் படிக்கிறாள். என் அப்பாவுக்கு வயது 92. அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அவருக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருந்திருக்கும். பள்ளியில் ஜப்பான் பாட்டுப் பாட வைத்து, சென்ட்ரியை (ஜப்பான் காவல் சிப்பாயை) கண்டால் குனியாததற்குக் கன்னத்தில் அறை வாங்கிய தலைமுறை அது. அந்த மொழியின் சத்தமே அவருக்கு ஆகாது. மகளை நிறுவனத்தை விடச் சொல்லாதீர்கள், அப்பாவை மறக்கவும் சொல்லாதீர்கள். அவள் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து "தாத்தா, அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்கட்டும். இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கேட்பது எப்படி என்று வேறு இரண்டு வாசகர்களும் எழுதியிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாவிலிருந்து தொடங்கக் கூடாது, சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். "மரவள்ளிக்கிழங்கை எப்படிச் சமைப்பீங்க? உப்பு எங்கே கிடைச்சுது? சவுக்காரத்துக்கு என்ன செஞ்சீங்க?" இதற்கெல்லாம் பதில் தானாக வரும். வாழைமர நோட்டு வீட்டில் இருந்ததா என்று கேளுங்கள். வாழைமரப் படம் போட்ட அந்த ஜப்பான் காசு கடைசியில் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் ஒரு படி அரிசி வராத நிலைக்குப் போனது, அதை வைத்துப் பிள்ளைகள் விளையாடினார்கள். அப்படிப் பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு இடத்தில் அவரே நிறுத்துவார். அந்த இடத்தில் நீங்களும் பேசாமல் இருங்கள், டீ போடக்கூட எழுந்திருக்க வேண்டாம். கைப்பேசியில் பதிவு செய்வதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோட்டத்துப் பெயரைக் கேட்கும்போது வெள்ளைக்காரன் வைத்த பெயரையும் நம்மவர்கள் கூப்பிட்ட பெயரையும் இரண்டையும் வாங்குங்கள், அரசாங்கக் காகிதத்தில் ஒன்று இருக்கும், ஜனங்கள் வாயில் இன்னொன்று இருக்கும். கங்காணி பெயர் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஒன்றாகத்தான் போனார்கள், ஒரு பெயரைப் பிடித்தால் இருபது பெயர் வரும்.

காப்பார் வாசகர்:
நேரில் போய்ப் பார்க்க வேண்டும். காஞ்சனபுரியில் நம்மவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா? எப்படிப் போவது?

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். விரைவு ரயிலில் எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை போகலாம், பட்டர்வொர்த் பக்கத்தவர்கள் கொமுட்டர் ரயிலிலேயே போய்விடலாம். அங்கிருந்து பாங்காக் போகிற தாய்லாந்து ரயில் சாயங்காலம் புறப்படும், படுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கோன் பாத்தோம் நிலையத்தில் இறங்கி வேன் பிடித்தால் காஞ்சனபுரி. பழைய பாதையில் இன்னும் ஓடுவது நாம் தோக் வரைக்கும், ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மிச்சத்தைப் போருக்குப் பிறகு பிடுங்கிவிட்டார்கள். நேரம் இருந்தால் ஹெல்ஃபயர் பாஸ் என்று சொல்லும் இடத்துக்கும் போங்கள், ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். கையால் வெட்டிய பாறைக்கு நடுவே நடக்கலாம், பாறையில் துளை போட்ட தடம் இன்னும் தெரிகிறது.

ஊருக்குள் முதலில் கண்ணில் படுவது போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம். சுமார் 7,000 கல்லறை. புல்லை நேற்றுதான் வெட்டினார்களோ என்று தோன்றும், ஒவ்வொரு கல்லுக்கும் பூச்செடி, பெயர், வயது, படைப்பிரிவு. முகாமில் இருந்தபோதே கைதிகள் ரகசியமாகப் பட்டியல் எழுதி, மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1945 செப்டம்பரில், சண்டை முடிந்த சூட்டோடு, ஒரு குழு பாதை நெடுகப் போய் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் குறித்தது. அங்கே புதைக்கப்பட்டிருக்கும் அந்தப் பையன்களைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. இருபது, இருபத்திரண்டு வயது எல்லாம், அழுதுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வரிசை வரிசையாக நடந்து முடிக்கிற வரைக்கும் சயாமுக்குப் போன நம் தோட்டத்து ஆள் ஒருவர் பெயர்கூட இல்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த இடம் அங்கேதான். 1990-இல் ஊருக்குப் பக்கத்தில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடைத்தன. கண்டெடுக்கும்வரை அந்த மண்ணில் விவசாயம் நடந்துகொண்டிருந்தது. அண்மையில் அந்தக் கோயிலில் தமிழர் நினைவாக ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் டெத் ரயில்வே இன்ட்ரஸ்ட் குரூப் என்று ஒரு குழு பல வருஷமாக இந்த விஷயத்துக்காக உழைத்து வருகிறது, போவதற்கு முன் அவர்களை விசாரியுங்கள். நடுகல்லுக்கு முன்னால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள், நீங்களும் நிற்பீர்கள், அதை நான் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு இடம், பலர் பார்க்காமல் வந்துவிடுவது. குவாய் நதிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தூண். ஜப்பான் ராணுவமே 1944-இல் கட்டியது, வேலையில் செத்தவர்களுக்காக. சுற்றிலும் பல மொழியில் பலகை பதித்திருக்கிறார்கள், அதில் தமிழும் உண்டு. நான் போனபோது மத்தியான வெயில், பாலத்தில் படம் எடுக்க ஒரே கூட்டம், இங்கே ஒரு ஆள் இல்லை. நம் எழுத்தைப் பார்த்ததும் விரலால் தடவிப் படித்தேன். வேலை வாங்கிக் கொன்றவன்கூட, செத்தவர்களில் தமிழர் இருக்கிறார்கள் என்று தெரிந்து தமிழில் எழுதி வைத்திருக்கிறான். தாத்தாவின் கத்திப் பிடியை நான் கைப்பையில் கொண்டு போயிருந்தேன், எல்லையில் பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்து துணியில் சுற்றி. பிடி மட்டும்தான் கொண்டு போக முடிந்தது, தகட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். பால் ஏறிக் கறுத்துப்போன மரப்பிடி, கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஒரு குழி. அந்தக் குழியில் என் விரலை வைத்தால் சரியாகப் பொருந்தாது, தாத்தா விரல் பெரியது. அதை அந்தத் தூணின் கீழே வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

போகிறவர்கள் ஊரிலிருந்து கொஞ்சம் விபூதி கொண்டு போங்கள், அங்கே கிடைக்காது.

ரவாங் வாசகி:
என்னிடம் படம் இல்லை, கடிதம் இல்லை, தோட்டமும் இன்று வீடமைப்பாக மாறிவிட்டது. பெரியப்பா பெயரும், "பெட்டி தூக்கிக்கிட்டுப் போனான்" என்று ஆயா சொன்னதும் மட்டும்தான் இருக்கிறது. இதை எங்கே கொடுப்பது?

இங்கே அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து இந்தப் பக்கத்தில் கால் பகுதியை ஒதுக்கித் தருவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, பழைய தோட்டத்துக் காகிதங்கள் வேண்டுமானால் அங்கே தேடலாம், சிங்கப்பூர் நூலக வாரியத்தின் இணையதளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களையும் தேடலாம். ஆனால் சயாம் போன நம்மவர் பெயர்கள் முழுதாக ஒரே இடத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லை, வீடுகளில்தான் இருக்கின்றன. அதனால் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், தெரிந்தால் கங்காணி பெயர், போன வருஷம், இந்தியாவில் எந்த ஊர். தெரியாத இடத்தை யோசித்து நிரப்பாதீர்கள், ஒரு கோடு போட்டு விட்டுவிடுங்கள். திரும்பி வந்தவர்களையும் எழுதுங்கள், அவர்களும் அதே காட்டிலிருந்து வந்தவர்கள்தான். பெண்கள் போயிருந்தால் அவர்களை "இன்னார் மனைவி" என்று எழுதாமல், சொந்தப் பெயரைத் தேடிப் பிடித்து எழுதுங்கள். "பெட்டி தூக்கிக்கிட்டுப் போனான்" என்பதையும் அப்படியே எழுதுங்கள். என்ன பெட்டி, தகரமா மரமா என்று ஆயா எப்போதாவது சொல்லியிருந்தால் அதையும் சேருங்கள். முதல் பட்டியலில் என் தாத்தா பெயரும் இருக்கும், வருஷத்துக்குப் பக்கத்தில் 1943 என்றும், இறந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடும்.